வஞ்சிரத் துண்டில் முதுகுநாண் எது?

தூத்துக்குடி மகள், கோவை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நான் வணிகவியல் படித்தவள். விலங்கியலுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு மீன் வாங்குவது, ஆய்வது, குழம்பு வைப்பது, அவ்வளவுதான்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. நீட் எழுத வேண்டும் என்று இருக்கிறாள். இன்று மதியம் உக்கடத்தில் வாங்கி வந்த வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு முதுகுநாணிகளின் பண்புகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதுகுநாண், முதுகுப்புறத்தில் குழல் வடிவ நரம்புவடம், தொண்டையில் செவுள் பிளவுகள், மலத்துளையைத் தாண்டியும் நீளும் வால். நான்கையும் மந்திரம் மாதிரி சொல்லி முடித்தவள் தட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். "அம்மா, வஞ்சிரம் முதுகுநாணிதானே? அப்போ இதுல முதுகுநாண் எது?"

நடுமுள்ளைத் தொட்டுக் காட்டினேன். அது முதுகெலும்பு என்றாள். நடுமுள்ளுக்கு மேலே இருந்த சின்னத் துளையைக் காட்டினேன். அது நரம்புவடம் போகிற வழி என்றாள். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மூன்றாவதாக ஒன்றும் அகப்படவில்லை. வகுப்பில் கேட்டதற்கு, "அதெல்லாம் கருவில் இருக்கும், கேள்வியில் வராது" என்று பதில் வந்ததாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனில் பெயருக்குக் காரணமான பொருளே இல்லையென்றால் எப்படி?

இன்னும் இரண்டு சந்தேகம். அரைநாணிகள் (கடலில் வாழும் ஒரு புழு வகையாம்) முதுகுநாணிகளோடு சேர்த்தியா, தனியா? அவள் புத்தகத்தில் தனித் தொகுதி. என் அண்ணன் மகனுடைய பழைய நோட்டில் முதுகுநாணிகளுக்குள்ளேயே ஒரு துணைத்தொகுதி. அப்புறம், ஆஸ்ட்ரகோடெர்ம், பிளாகோடெர்ம் என்று என்றைக்கோ செத்துப்போன மீன்களின் பெயர்களை இவள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி அவளுடையது. ஆனால் எனக்கும் பதில் தெரிந்தால் நல்லது.

---

இரண்டாம் முயற்சி | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். கருவில் முதுகுநாண் இருக்கும், வளர்ந்ததும் அது முதுகெலும்பாக மாறிவிடும். வால்நாணி, தலைநாணி என்ற முதுகெலும்பு இல்லாத கடல் உயிர்கள் இரண்டும் சேர்ந்தால் முன் முதுகுநாணிகள். மற்றதெல்லாம் முதுகெலும்பிகள். அரைநாணி இப்போது தனி. லாம்ப்ரே போன்ற வட்டவாயினவற்றுக்குத் தாடை கிடையாது, 6 முதல் 15 ஜோடி செவுள் பிளவுகள். சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு, மற்ற மீன்கள் எலும்பு.

பொறி வைப்பது பெயரில்தான். நட்சத்திர மீன், சொறிமீன், கணவாய் மீன் மூன்றும் மீனே இல்லை. கடல்குதிரைதான் மீன். போன வருடம் மாதிரித் தேர்வில் இதில்தான் மதிப்பெண்ணை விட்டேன்.

---

ஃபார்மலின் வாடை (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை) | திங்கள், காலை 6.05

தம்பி, மற்றதெல்லாம் சரி. முதல் வரி மட்டும் தப்பு. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இந்தத் தாளைத் திருத்தியிருக்கிறேன், நூற்றுக்கு அறுபது பேர் இதே வரியைத்தான் எழுதுவார்கள். முதுகுநாண் முதுகெலும்பாக மாறுவதில்லை. அதைச் சுற்றி முதுகெலும்பு வளர்கிறது. வளர வளர நாணை நெருக்குகிறது. சாரம் கட்டித்தான் கட்டடம் எழுப்புகிறோம், அதற்காகச் சாரமே கட்டடமாக மாறியது என்று சொல்வோமா? இங்கே சாரத்தை அவிழ்க்காமல் உள்ளேயே வைத்துப் பூசிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

அதனால் கோவை அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் வஞ்சிரத்தில் முதுகுநாண் இருக்கிறது. நீங்கள் பார்த்த துண்டில் கத்தி தவறான இடத்தில் போயிருக்கும். மீன்காரர் ஒரு முள்ளெலும்பின் நடுவே வெட்டினால் கெட்டியான எலும்பும் நடுவில் ஊசிமுனை அளவு துளையும்தான் தெரியும். இரண்டு முள்ளெலும்புகள் சேரும் மூட்டில் வெட்டு விழுந்திருந்தால் ஒரு குழிந்த கிண்ணமும் அதற்குள் கண்ணாடி நிறத்தில் கொழகொழப்பும் தெரிந்திருக்கும். அந்தக் கொழகொழப்புதான் முதுகுநாணின் மிச்சம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மீன்காரரிடம் நடுமுள்ளை வெட்டாமல் முழுசாக வாங்குங்கள், சதை எடுத்த முள் பல கடைகளில் சும்மாவே கிடைக்கும். வேகவைக்காதீர்கள். மூட்டில் வளைத்து ஒடியுங்கள். ஒவ்வொரு முள்ளெலும்பும் உடுக்கை மாதிரி இருக்கும், இரு பக்கமும் குழிவு, நடுவில் இடுப்பு. இரண்டு உடுக்கைகளை ஒட்டவைத்தால் நடுவில் ஓர் இடம் கிடைக்கிறதல்லவா? நாண் அங்கே தடித்தும், உடுக்கையின் இடுப்புக்குள் இழையாகவும் தலை முதல் வால் வரை போகிறது. மணிமாலை மாதிரி. குழம்பில் வெந்த நடுமுள்ளை ஒடித்து உறிஞ்சுகிறவர்கள் உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. அவர்கள் உறிஞ்சுவது அதைத்தான்.

இப்போது அதே துண்டில் மற்ற மூன்றையும் காட்டிவிடுங்கள். நடுமுள்ளுக்கு மேலே உள்ள துளையில் ஈர்க்கு போல ஒரு வெள்ளைச் சரடு இருக்கும். அதுதான் நரம்புவடம். மண்புழுவுக்கும் இறாலுக்கும் நரம்பு வடம் வயிற்றுப் பக்கம், உள்ளே பொந்து இல்லாமல். நமக்கும் மீனுக்கும் முதுகுப் பக்கம், உள்ளே குழல். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் மீன் வாங்குகிறீர்கள், அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வால்தான் வேடிக்கை. மண்புழுவுக்கு வால் கிடையாது, கடைசி நுனிவரை குடல். மீனுக்குக் குடல் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. வயிற்றுப் பொந்து இல்லாமல் முழு வட்டமாக வருகிற துண்டு எதுவானாலும் அது மலத்துளைக்குப் பின்னால் உள்ள பகுதி, அதாவது வால். வறுவலுக்கு என்று கேட்டு வாங்குகிறோமே அந்த முழு வட்டத் துண்டு, அது விலங்கியல் கணக்கில் வால் துண்டுதான். மீன்காரரிடம் சொல்லி விலையைக் குறைக்க முடியாது, முயன்று பார்த்தாயிற்று.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொண்டையின் அடியில் கோழை சுரக்கும் ஒரு பள்ளம், எண்டோஸ்டைல். கடல்நீரை வடிகட்டித் தின்னும் முன் முதுகுநாணிகளில் அது இரையைப் பிடிக்கும் கோழையைச் சுரக்கிறது, கூடவே அயோடினையும் சேர்க்கிறது. லாம்ப்ரே என்ற தாடையற்ற மீனின் இளம் உயிரியில் இந்தப் பள்ளம் இருக்கிறது. அது உருமாறி வளரும்போது அதே பள்ளம் தைராய்டு சுரப்பியாகிவிடுகிறது. நாம் அயோடின் உப்பு வாங்குவது அந்தப் பழைய பள்ளத்துக்காகத்தான். தூத்துக்குடிக்காரரிடம் உப்பைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாண் என்றால் வில்லின் நாண். ஆனால் இது செய்வது வில்லின் வேலை. மண்புழு தசையைச் சுருக்கினால் உடல் குட்டையாகும். மீனும் அப்படிக் குட்டையானால் நீந்த முடியாது. உடலின் நடுவே வளையக்கூடிய, ஆனால் நீளத்தில் சுருங்காத ஒரு தண்டு இருந்தால், இடப்பக்கத் தசை இழுக்கும்போது உடல் வளையும், விட்டதும் நிமிரும். அந்தத் தண்டுதான் முதுகுநாண். மாணவர்கள் இதையும் தண்டுவடத்தையும் போட்டுக் குழப்புவார்கள். தண்டுவடம் நரம்பு. முதுகுநாண் வெறும் முட்டு.

சில மீன்களில் அது வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கிறது. லாம்ப்ரேக்கு இருக்கிறது. ஸ்டர்ஜன் மீனுக்கு இருக்கிறது. ருஷ்யாவில் ஸ்டர்ஜனின் முதுகுநாணை உருவி எடுத்துக் காயவைத்து, ஊறவைத்து, பணியாரத்துக்குப் பூரணமாக வைக்கும் பழக்கம் இருந்தது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் மார்ஜரி கோர்ட்னி லாடிமர் அடையாளம் கண்ட சீலகாந்த் மீனுக்கும், முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்த் திரவம் நிறைந்த தடித்த குழாய்தான். நமக்கு? இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுக்குள் ஜெல்லி போல ஒரு கரு இருக்கிறதே, அது கருப்பருவத்தில் முதுகுநாணிலிருந்து வந்தது. எனக்கு இடுப்பில் அது பிதுங்கி மூன்று மாதம் படுக்கையில் இருந்தேன். டாக்டர் ஸ்கேனைக் காட்டியபோது, வலியையும் மீறி, "ஓ, நாண்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். அரைநாணி தனித் தொகுதி என்று எழுதச் சொல்லுங்கள். பழைய நோட்டு தப்பு இல்லை, பழையது. 1880களில் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன், பலனோகிளாசஸ் புழுவின் தொண்டையிலிருந்து முன்பக்கம் நீளும் ஒரு சிறு முளையைப் பார்த்து, அதுவும் முதுகுநாண்தான் என்று நினைத்து முதுகுநாணிகளோடு சேர்த்தார். பின்னால் அது நாண் அல்ல என்று ஆயிற்று. செவுள் பிளவுகள் மட்டும் உண்மை. மரபணுக்களை ஒப்பிட்டால் அரைநாணிகள் நட்சத்திர மீன் குடும்பத்துக்குத்தான் நெருக்கம்.

இந்தப் புழுவை நான் மாணவியாக இருந்தபோது குருசடைத் தீவில் தோண்டியிருக்கிறேன். பாம்பனுக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவில் உள்ள தீவு. நீர் வற்றிய நேரத்தில் மணலில் ஜிலேபி பிழிந்தது போலச் சுருள் சுருளாகக் கிடக்கும், அது அதன் கழிவு. அங்கே தோண்ட வேண்டும். தொட்டால் அறுந்துபோகும், அவ்வளவு மெது. நான் முழுசாக ஒன்றைக்கூட எடுத்ததில்லை. கையில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாடை இரண்டு நாள் போகவில்லை.

உங்கள் ஊர்க் கடலில் இன்னொன்று இருக்கிறது. ஹெர்ட்மேனியா என்று ஒரு வால்நாணி. வலம்புரியும் இடம்புரியும் எடுக்கிறார்களே, அந்தச் சங்கின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். பார்ப்பதற்கு மண் அப்பிய உருளைக்கிழங்கு. மேலே இரண்டு வாய். அதன் தோலில் செல்லுலோஸ் இருக்கிறது, தாவரத்தில் உள்ள அதே பொருள். இதைப் போய் நம் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? அதன் இளம் உயிரியைப் பார்க்க வேண்டும். தலைப்பிரட்டை மாதிரி வால், வாலுக்குள் முதுகுநாண், அதன் மேல் நரம்புவடம். சிறிது நேரம் நீந்தி, தலையால் எதிலாவது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வாலையும் நாணையும் தானே கரைத்துக்கொண்டு உருளைக்கிழங்காகிவிடும். 1866-இல் ருஷ்யாவின் அலெக்சாண்டர் கொவலெவ்ஸ்கி இதைக் கண்டுபிடிக்கும்வரை இவற்றைச் சிப்பி, நத்தை வகையில்தான் சேர்த்திருந்தார்கள். முதுகுநாணி என்று சொல்ல, வாழ்க்கையில் ஏதாவது ஒரு பருவத்தில் அந்தப் பண்புகள் இருந்தால் போதும் என்ற விதி ஏன் என்று இப்போது உங்கள் மகளுக்குப் புரியும்.

தலைநாணியான ஆம்பியாக்சஸ் இதற்கு நேர்மாறு. விரல் நீளம், கண்ணாடி உடல், நாண் மூக்கு நுனிவரை போகும், கடைசிவரை இருக்கும். அதை 1774-இல் பல்லாஸ் என்பவர் ஓடில்லாத நத்தை என்று எழுதிவைத்தார். சீனாவின் ஷியாமென் அருகே ஒருகாலத்தில் அதை டன் கணக்கில் பிடித்துத் தின்றார்கள். பார்த்தால் இதுதான் மீனுக்கு அண்ணன் தம்பி என்று தோன்றும். நானும் அப்படித்தான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். 2006-இல் வந்த மரபணு ஒப்பீடு அந்த உருளைக்கிழங்கைத்தான் நமக்கு நெருங்கிய உறவு என்று சொன்னது. அந்த வருடம் படத்தை அழித்து வரைய வேண்டியதாயிற்று. தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள்.

பழைய மீன்களைப் பற்றி வேறு யாராவது சொல்லுங்கள். எனக்கு விரல் வலிக்கிறது.

---

ஏரிக்கரை, கிளீவ்லாந்து | திங்கள், இரவு 8.30

டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் விலங்கியல் ஆள் இல்லை, மென்பொருள். ஆனால் இருக்கிற ஊர் அப்படி. அமெரிக்காவின் ஓஹையோ, ஈரி ஏரிக்கரை.

இங்கே மீன் பிடிக்கப் போகிற நண்பர் ஒருநாள் ஒரு ட்ரௌட் மீனைக் காட்டினார். விலாவில் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு புண். லாம்ப்ரே கடித்தது. கடித்தது என்பதுகூடச் சரியில்லை, அதற்குத் தாடையே இல்லை. வட்ட வாயை மீன்மேல் ஒட்டி, முள் நாக்கால் சுரண்டி இரத்தம் குடிக்கிறது. நயாகரா அருவி தடுத்துக்கொண்டிருந்த வழியை வெல்லண்ட் கால்வாய் திறந்துவிட்டது. 1921-இல் ஈரி ஏரியில் பார்த்தார்கள், அப்புறம் மேலே உள்ள ஏரிகளுக்கெல்லாம் போய் மீன்வளத்தையே காலி செய்துவிட்டது. 1958 முதல் ஓடைகளில் அதன் இளம் உயிரிகளைக் கொல்ல மருந்து ஊற்றுகிறார்கள். தாடை இல்லாமல் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம்.

ஒருகாலத்தில் மீன் என்றாலே இப்படித் தாடை இல்லாததுதான். சீனாவின் யுன்னானில், 1999-இல் இரண்டு சின்னப் புதைபடிவங்களை அறிவித்தார்கள். ஹைகோயிக்திஸ், மில்லோகுன்மிங்கியா. நீளம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. வயது சுமார் 51.8 கோடி ஆண்டு. கண் இருக்கிறது, செவுள் இருக்கிறது, மீன் தசையின் அந்த மடிப்பு இருக்கிறது. எலும்பு கிடையாது, தாடை கிடையாது.

அடுத்து வந்தவைதான் உங்கள் மகள் திட்டுகிற ஆஸ்ட்ரகோடெர்ம்கள். இவற்றிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. எலும்பு முதலில் உடம்புக்குள் வரவில்லை, தோலில் வந்தது. தலையைச் சுற்றிக் கேடயம், உள்ளே குருத்தெலும்பும் நாணும். எலும்பு வந்து பல கோடி ஆண்டு கழித்துத்தான் தாடை வருகிறது. பொலிவியாவில் கிடைத்த சக்கபம்பாஸ்பிஸ் இந்த வகை. சுமார் 45 கோடி ஆண்டு முந்தையது. இரண்டு கண்ணும் லாரியின் முகப்பு விளக்கு மாதிரி முன்னால், கீழே திறந்த வாய், ஜோடித் துடுப்புகள் இல்லை. ஹெல்சின்கி அருங்காட்சியகத்தில் இருக்கிற அதன் பொம்மையின் முகத்தைச் சில வருடங்களுக்கு முன் இணையமே கேலி செய்தது. உங்கள் மகளின் போனிலும் அந்தப் படம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

செஃபலாஸ்பிஸ் என்று இன்னொன்று, குதிரை லாடம் போன்ற தலை. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் ஸ்டென்சியோ அதன் உறவுக்கார மீன்களின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் தெரிந்ததை வரைந்து, கல்லுக்குள் மூளை நரம்புகள் போன வழியையே 1927-இல் காட்டிவிட்டார்.

தாடைக்கு வருவோம். செவுளைத் தாங்கும் வளைவுகளில் முன்னால் இருந்தது தாடையாயிற்று என்பதுதான் நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். கருவில் இன்றும் தாடை அந்த முதல் வளைவிலிருந்துதான் வருகிறது. தாடை வந்த முதல் பெரிய கூட்டம் பிளாகோடெர்ம்கள். எங்கள் ஊர்ப் பெருமையான டங்கிள்யோஸ்டியஸ் இதில் சேர்த்தி. 1867-இல் ஜே டெரல் என்பவர் இந்த ஏரிக்கரைப் பாறையில் முதலில் கண்டெடுத்தார். வயது சுமார் 36 கோடி. கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் தலை இருக்கிறது. என் பையன் ஆறு வயதில் அதன் முன்னால் நின்று, "இதுக்குப் பல்லே இல்லையேப்பா" என்றான். சரியாகச் சொன்னான். பல் கிடையாது. தாடை எலும்பே கத்தரிக்கோல் மாதிரி கூராகி, ஒன்றோடொன்று உரசித் தானே தீட்டிக்கொள்ளும்.

அந்தத் தலை மட்டும்தான் இருக்கிறது என்பது முக்கியம். உடம்பின் பின்பகுதி குருத்தெலும்பு, அழுகிப்போய்விட்டது. அதனால் எட்டு ஒன்பது மீட்டர் நீளம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2023-இல் எங்கள் ஊர் ஆராய்ச்சியாளர் ரசல் எங்கல்மேன் தலையின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, சாதாரணமாக மூன்றரை மீட்டருக்குப் பக்கம்தான் இருக்கும் என்றார். பையனுக்கு ரொம்ப வருத்தம்.

கடைசியாக, ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு. நான் பள்ளியில் படித்த வரிசை இது: தாடையற்றவை, அப்புறம் குருத்தெலும்பு மீன், அப்புறம் எலும்பு மீன், அப்புறம் தவளை. ஏணி மாதிரி. சுறா பழசு, எலும்பு புதுசு என்று மனதில் பதிந்துவிடும். 2013-இல் யுன்னானிலிருந்து என்டெலோக்னாதஸ் என்ற பிளாகோடெர்மை அறிவித்தார்கள். சுமார் 41.9 கோடி ஆண்டு. உடம்பு பிளாகோடெர்ம், தாடை எலும்புகளின் அடுக்கோ எலும்பு மீன்களுடையது, அதாவது நம்முடையது. சுறா அந்த எலும்புகளைப் பின்னால் இழந்திருக்க வேண்டும் என்றாகிறது. செத்துப்போன மீனைப் படிக்காவிட்டால் உயிரோடு இருக்கிற சுறாவையே தப்பாகப் புரிந்துகொள்வோம்.

---

கிளைக்குக் கிளை | செவ்வாய், மதியம் 1.10

இவ்வளவு நீளமாக எழுதியும் யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. மீன் என்று ஒரு வகுப்பே கிடையாது. நுரையீரல் மீனுக்கு வஞ்சிரத்தைவிட நாம்தான் நெருங்கிய உறவு. சீலகாந்துக்கும் அப்படியே. ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தால்தான் அது குழு. அப்படிப் பார்த்தால் பசு, காக்கை, பல்லி எல்லாமே மீன்தான். மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன என்ற பட்டியலைப் பிள்ளைகள் தலையில் இன்னும் ஏற்றுவது அநியாயம்.

---

ஃபார்மலின் வாடை | செவ்வாய், மாலை 5.45

ஐயா சொல்வது முழுக்க உண்மை. ஆனால் காய்கறி என்ற பெயருக்கும் தாவரவியலில் இடமில்லை, அதற்காகக் கோயம்பேட்டை மூடிவிட முடியுமா? அந்தப் பெண் தேர்வில் தாடையற்றவை, தாடையுள்ளவை, தாடையுள்ளவற்றில் மீன்களும் நான்கு காலிகளும், மீன்களில் குருத்தெலும்பு, எலும்பு என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டு வெளியே வந்து உங்கள் கிளையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஹேக் மீனைப் பாருங்கள். 1758-இல் லின்னேயஸ் அதைப் புழு என்று எழுதினார். அப்புறம் தாடையற்ற மீன் ஆக்கினார்கள். முள்ளெலும்பே இல்லை, ஆகவே முதுகெலும்பியே இல்லை என்று நான் படித்த காலத்தில் தள்ளிவைத்தார்கள். 2011-இல் ஜப்பானில் அதன் வாலில் முள்ளெலும்பின் மிச்சங்களைக் காட்டினார்கள், மரபணுவும் அதை லாம்ப்ரேயின் பக்கத்தில் உட்காரவைத்தது. மறுபடி உள்ளே. அது பாட்டுக்குக் கடலடியில் கோழை கக்கிக்கொண்டு இருக்கிறது.

பட்டியலில் வேறு ஓட்டையும் உண்டு. எலும்பு மீன் என்றால் காற்றுப்பை இருக்கும் என்று எழுதுவார்கள். உங்கள் வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. கூறல் மீனுக்கு இருக்கிறது, நெட்டி என்று தனியாக எடுத்து விற்கும் அளவுக்கு.

கிளீவ்லாந்து தம்பி, ஸ்டென்சியோவைச் சொன்னீர்களே. சுறாவின் தலையைத் திறந்து மூளை நரம்புகளை அறுக்காமல் எடுத்துக்காட்டுவதுதான் எங்கள் செய்முறைத் தேர்வு. ஐந்தாம் நரம்பு என் கத்தியில் அறுந்துபோனது. புது சுறாவிலேயே எனக்கு வரவில்லை. அந்த மனிதர் அதைக் கல்லில் தேடியிருக்கிறார்.

---

தூத்துக்குடி மகள், கோவை | ஞாயிறு, மதியம் 3.20

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி உக்கடம் போனோம், அவளும் வந்தாள். சதை எடுத்த வஞ்சிர முள் கேட்டதற்குக் கடைக்காரர், "பூனைக்கா?" என்றார். "படிப்புக்கு" என்றதும் இரண்டு முள்ளாகக் கொடுத்தார்.

மூட்டில் ஒடித்தோம். முதல் இரண்டும் நசுங்கிப்போயின. மூன்றாவதில் கிண்ணமும் கொழகொழப்பும் அப்படியே இருந்தன, ஊறிய ஜவ்வரிசி மாதிரி. அவள் ஊசியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே வெள்ளைச் சரடை இழுத்ததில் நாலு விரற்கடை நீளம் அறாமல் வந்தது. முள்ளெலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து உடுக்கை என்று எழுதி மேசையில் வைத்திருக்கிறாள். அறை நாறுகிறது, அவள் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. சக்கபம்பாஸ்பிஸ் படம் அவள் போனில் இருந்தது. அது மீன் என்றே தெரியாதாம், யாரோ வரைந்த கார்ட்டூன் என்று நினைத்திருக்கிறாள்.

டீச்சர் சங்கைப் பற்றிச் சொன்னதும் எனக்கு என் பெரியப்பா ஞாபகம். சங்கு குளித்தவர். போனில் கூப்பிட்டு, சங்கின் மேல் உருளைக்கிழங்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். "அதுவா? வழுவழுன்னு இருக்கும், அமுக்குனா மூஞ்சில தண்ணியடிக்கும். சுரண்டிப் போட்டுட்டுத்தான் சங்க அளப்போம்" என்றார். மகள் போனைப் பிடுங்கி, "தாத்தா, அது நமக்குச் சொந்தக்கார உயிர். இனிமே பாத்தா சுரண்டாம போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள்.

"நான் கடலுக்குப் போயி பன்னெண்டு வருசமாச்சே தாயி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் போகிறானாம், அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.